ஸ்ட்ரோக்குக்குப் பிறகு "சொல்லு, சொல்லு" என்று பழக்குவது சரியா? ப்ரோக்கா அஃபேசியா – விவாத இழை

கயல்_எஸ்எல்பி

இடது மூளையில் ஸ்ட்ரோக் வந்து பேச்சு போனவர் வீடு திரும்பியதும் வருகிறவர் போகிறவர் எல்லாம் கட்டில் பக்கத்தில் நின்று "என் பேர் சொல்லுங்க பார்ப்போம்", "அம்மா சொல்லு, அப்பா சொல்லு" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் படுத்திருப்பவருக்கு அது நாள் முழுக்க ஓயாத பரீட்சை. நாலு நாளில் பேச முயல்வதையே அவர் விட்டுவிடுகிறார்.

இங்கே அஃபேசியாவில், அதாவது மூளைச் சேதத்தால் வரும் மொழியிழப்பில், ப்ரோக்கா வகையை மட்டும் பேசுவோம். பிறர் சொல்வது ஓரளவு புரியும், தான் சொல்ல வேண்டியதும் தெரியும், வெளியே வருவது ஒன்றிரண்டு சொல். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: எது பழுதாகியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் கொடுக்கும் பயிற்சியில் பாதி வீணாகப் போகும். பிரித்த பிறகும், தனிப் பெயர்களைத் திருப்பிச் சொல்ல வைப்பதை விட்டுவிட்டு, அவருக்குத் தினமும் தேவைப்படும் வினைகளையும் குட்டி வாக்கியங்களையும் வீட்டில் பேசும் தமிழிலேயே பழக்க வேண்டும்.

மூன்று கோளாறுகள் ஒன்றோடொன்று கலந்து வரும். அஃபேசியாவில் சொல்லும் இலக்கணமும் கைக்கு எட்டாது. எழுதச் சொன்னாலும் அதே தடுமாற்றம் தெரியும். பேச்சு அப்ராக்ஸியாவில் சொல் கிடைத்துவிடும், ஆனால் உதடும் நாக்கும் எந்த வரிசையில் அசைய வேண்டும் என்ற திட்டம் குலைந்திருக்கும். டிசார்த்ரியாவில் திட்டம் சரியாகவே இருக்கும். தசைக்குப் பலம் இருக்காது, பேச்சு குழறும்.

வீட்டிலேயே ஒரு குறிப்பு எடுக்கலாம். "பபபபப" என்று ஐந்து விநாடி சொல்லச் சொல்லுங்கள், பிறகு "ததத", பிறகு "ககக". கடைசியாக மூன்றையும் கோத்து "பதக, பதக, பதக". தனித்தனியாக ஓரளவு சீராக வந்து, கோத்ததும் "பதப... க... தபக" என்று சிதறினால் அப்ராக்ஸியாவின் வாடை. தனியாகவும் கோத்தும் ஒரே மாதிரி மந்தமாக, மூக்கொலியாக, குழறலாக வந்தால் டிசார்த்ரியா பக்கம் பார்க்க வேண்டும். இன்னொன்று: "பட்டு", "பட்டுப்பாய்", "பட்டுப்பாவாடை" என்று நீட்டிக்கொண்டே போங்கள். நீளம் கூடக்கூட, வாய் இடத்தைத் தேடித் துழாவி, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தப்பு வந்தால் அதுவும் அப்ராக்ஸியாவின் அடையாளம். டிசார்த்ரியாவில் தப்பு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்.

இது முடிவான பரிசோதனை ஆகாது. தெரபிஸ்டிடம் போகும்போது கொண்டுபோக உதவும் குறிப்பு, அவ்வளவுதான்.

---

வார்டு_சிஸ்டர்_சேலம்

கயல் மேடம் சொன்னதுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு. விழுங்குறதைப் பார்க்காம வாய்ப் பயிற்சி எதுவும் ஆரம்பிக்கக் கூடாது. பேச்சு போனவங்க பல பேருக்கு முதல் நாட்கள்ல விழுங்குறதும் தடுமாறும். இருமல் வராமலே தண்ணி நுரையீரலுக்குப் போகலாம், வெளியே எதுவும் தெரியாது. குடிச்ச பிறகு குரல் ஈரமா, களகளன்னு மாறுதா, சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்குதா, சாயந்திரமானா காய்ச்சல் அடிக்குதான்னு கவனிங்க. இதுல ஒண்ணு இருந்தாலும் வாய்வழியா கொடுக்கிறதை நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடணும்.

இதைச் சொல்லக் காரணம் வசம்பு. சுட்டு, தேன்ல குழைச்சு நாக்குல தடவினா பேச்சு வரும்னு நிறைய வீட்டுல செய்றாங்க. நாக்குல கோளாறு இல்லவே இல்ல, கோளாறு மூளையில. விழுங்க முடியாதவர் வாயில பிசுபிசுப்பா எதையாவது வெச்சா அது தொண்டையில சறுக்கி நுரையீரலுக்குப் போற ஆபத்துதான் மிச்சம். கூழாங்கல்லை வாயில வெச்சுப் பேசச் சொல்றதும் அப்படித்தான், தயவுசெஞ்சு வேண்டாம்.

---

நரம்பியல்_திருச்சி

சிஸ்டர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஸ்கேன் பற்றி ஒரு விளக்கம் சேர்க்கிறேன், ஏனென்றால் ரிப்போர்ட்டில் "ப்ரோக்கா பகுதி" என்று பார்த்ததும் குடும்பத்தார் அதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பாரிஸுக்கு வெளியே பிசேத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகள் இருந்தவர் லெபோர்ன். எதைக் கேட்டாலும் "டான் டான்" என்பார். ஏற்ற இறக்கமும் சைகையும் இருந்தன, அர்த்தமுள்ள சொல் இல்லை. 1861 ஏப்ரல் 17 அன்று இறந்தார். அறுவை மருத்துவர் பால் ப்ரோக்கா அவர் மண்டையைத் திறந்து மூளையை எடுத்து, இடது முன்மடலின் கீழ் மடிப்பில் சேதத்தைக் காட்டினார். சில மாதங்களில் லெலோங் என்ற முதியவர் வந்தார். அவரிடம் மிஞ்சியிருந்தவை ஐந்தே சொற்கள். அவற்றில் ஒன்று தன் பெயரையே திரித்துச் சொன்னது. இவரது மூளையிலும் அதே இடம்தான். பாடநூல்களில் இருக்கும் "ப்ரோக்கா பகுதி" பிறந்தது இப்படித்தான்.

ப்ரோக்கா அந்த மூளைகளை வெட்டவில்லை, முழுதாகப் பாதுகாத்தார். அதனால் 2007இல் நினா ட்ரோங்கர்ஸ் குழுவினர் அவற்றை எம்ஆர்ஐயில் வைத்துப் பார்க்க முடிந்தது. இருவருக்குமே சேதம் மேற்பரப்போடு நிற்கவில்லை. உள்ளே, முன்னையும் பின்னையும் இணைக்கும் நார்க்கற்றை வரை போயிருந்தது. அதற்கு முன்பே, 1978இல், மோர் என்ற நரம்பியலாளர் ப்ரோக்கா பகுதி மட்டும் கெட்டால் வரும் பேச்சிழப்பு பெரும்பாலும் நீடிப்பதில்லை என்று எழுதியிருந்தார். நீடித்த ப்ரோக்கா அஃபேசியாவுக்குப் பின்னால் பெரும்பாலும் நடு மூளைத் தமனியின் மேல்கிளை முழுக்க அடைபட்ட பெரிய சேதம் இருக்கும். இன்சுலா என்ற உள்மடிப்பும் அடியில் உள்ள வெண்ணார்களும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கும்.

ஆகவே மருத்துவரிடம் "ப்ரோக்கா போயிடுச்சா?" என்று கேட்பதைவிட "சேதம் எவ்வளவு ஆழம், பின்பக்கம் எதுவரை போயிருக்கிறது?" என்று கேளுங்கள். முன்னேற்றத்தை ஊகிக்க அது கூடுதலாக உதவும்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்ட்ரோக் எதுவும் இல்லாமல், மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பேச்சு குறைந்தால் அது வேறு நோய். படிப்படியாக முற்றும் அஃபேசியா. இந்த இழையில் சொல்லும் கால அளவுகள் அதற்குப் பொருந்தா. தேறிவந்த பேச்சு திடீரென ஒரு நாள் சரிந்தால் வலிப்பாகவோ இன்னொரு ஸ்ட்ரோக்காகவோ இருக்கலாம், உடனே 108. இலங்கையில் 1990.

---

பாபநாசம்_ரவி

டாக்டர் சார், கயல் மேடம், இரண்டு கேள்வி.

1) பேச்சு அறவே இல்லாதவர் ஒன்று முதல் பத்து வரை எண்ணுகிறார், தேவாரம் முழுசாகப் பாடுகிறார், கோபம் வந்தால் தெளிவாகத் திட்டுகிறார். அப்படியானால் பேச்சு உள்ளே இருக்கிறது, மனசு வைத்தால் வரும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். சரியா?

2) தெரபி ரிப்போர்ட்டில் ஏக்யூ 38 என்று இருந்தால் என்ன அர்த்தம்?

---

கயல்_எஸ்எல்பி

ரவி சார், முதல் கேள்வி ரொம்ப முக்கியம். எண்ணுவது, கிழமை சொல்வது, மனப்பாடப் பாட்டு, வசை இவையெல்லாம் ஒரே கட்டாக வரும் தானியங்கிப் பேச்சு. இதில் வலது மூளைக்கும் பங்கு உண்டு. புதிதாகச் சொல் தேர்ந்து, வரிசைப்படுத்தி, இலக்கணம் பூட்டிச் சொல்வது வேறு வேலை, அதுதான் அடிபட்டிருக்கிறது. தேவாரத்தின் நடுவே நிறுத்தி "மூணாவது சொல் என்ன?" என்று கேளுங்கள், வராது. "மனசு வைத்தால் வரும்" என்பது அவரைக் குற்றவாளி ஆக்கும் பேச்சு. அதை வீட்டில் யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள்.

ஆனால் தானாக வருவதை வீணாக்க வேண்டாம். ஹெல்ம்-எஸ்டாப்ரூக்ஸும் அவர் குழுவும் 1980இல் விவரித்த ஒரு முறை இருக்கிறது. அவர் தன்னையறியாமல் சொல்லும் உண்மையான சொற்களை ஒரு வாரம் யாராவது குறித்துவைக்க வேண்டும். "வேணாம்", "போ", "ஐயோ", "சரி" எது வந்தாலும் சரி. ஒவ்வொன்றையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, ஒன்றொன்றாகக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். சரியாக வாசித்த அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். வேறு சொல்லாக மாற்றி வாசித்தால் அவரைத் திருத்த வேண்டாம். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவர் வாயில் வந்த சொல்லைப் புது அட்டையில் எழுதுங்கள். வாசிப்பு உறுதியானதும் அதே சொல்லுக்குப் படம் காட்டுவது, கடைசியில் கேள்விக்குப் பதிலாக வரவைப்பது. "டீ இன்னும் ஊத்தட்டுமா?" – "வேணாம்." அந்த "வேணாம்" அவர் வேண்டுமென்றே சொன்ன சொல். அங்கிருந்துதான் கட்ட வேண்டும்.

இரண்டாவது கேள்வி. வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி என்ற தேர்வின் மொத்த மதிப்பெண் அது, 100க்கு. 93.8க்குக் கீழே இருந்தால் அஃபேசியா. 25 வரை மிகக் கடுமை, 26–50 கடுமை, 51–75 நடுத்தரம், அதற்கு மேல் லேசு. ஆகவே 38 கடுமைக்குள் வரும். மொத்தத்தைவிட உட்பிரிவுகளைப் பாருங்கள்: பேச்சோட்டம் 10க்கு 4 அல்லது அதற்குக் கீழ், புரிதல் 4 அல்லது அதற்கு மேல், திருப்பிச் சொல்லல் 8க்குக் கீழ் என்று இருந்தால்தான் அந்தத் தேர்வு ப்ரோக்கா என்று வகைப்படுத்தும். முதல் வாரங்களில் புரிதலும் சேர்ந்து அடிபட்ட "குளோபல்" வகையாக இருந்து, பிறகு புரிதல் தேறி ப்ரோக்காவாக மாறுகிறவர்கள் நிறையப் பேர். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிய வகையையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

---

வடமராட்சி_வாணி

நல்ல இழை. பாட்டுப் பற்றிக் கேட்டபடியால் மெலோடிக் இன்டொனேஷன் தெரபி பற்றிச் சொல்லவேணும். 1973இல் பொஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் மூவரும் வெளியிட்ட முறை. கனபேர் இதைப் பாட்டுப் படிக்கிறது என்று நினைக்கினம். தெரிந்த பாட்டை எவ்வளவு படித்தாலும் அது கதைக்கும் வாக்கியமாக மாறாது. இங்கே எடுப்பது தேவையான ஒரு சின்ன வாக்கியம். அதை இரண்டே சுருதியில், ஒரு மேல் ஒரு கீழ், இழுத்து ஓத வைக்கிறது.

செய்முறையை ஒரு வாக்கியத்தோடு காட்டுகிறேன். "தண்ணி தா". மூன்று அசை: தண் – ணி – தா. அவருக்கு முன்னால், முகம் முகத்துக்கு நேராக இருங்கோ. அவரின் இடது கையை உங்கட கையில் பிடித்து, அசைக்கு ஒரு தட்டு, செக்கனுக்கு ஒரு தட்டு என்ற வேகத்தில் மேசையில் தட்டுங்கோ.

முதலில் நீங்கள் வாய் மூடி "ம்ம் – ம்ம் – ம்ம்" என்று மெட்டை மட்டும் முனகவேணும், கை தட்டுப்படும், அவர் கேட்டால் போதும். அடுத்தது இருவரும் சேர்ந்து சொல்லோடு ஓதுகிறது. பிறகு சேர்ந்தே தொடங்கி, நடுவில் நீங்கள் மட்டும் குரலை இறக்கிக்கொள்ளுங்கோ. கை தட்டுகிறதை நிறுத்தாதேயுங்கோ. நாலாவது, நீங்கள் ஓதி முடிக்க அவர் தனியத் திருப்பி ஓதுகிறது. கடைசியாக அதே மெட்டில் "என்ன வேணும்?" என்று கேட்க, அவர் "தண்ணி தா" என்று மறுமொழி சொல்லவேணும்.

எந்தப் படியில் தடக்குதோ, அதுக்கு முந்தின படிக்குப் போய் ஒருக்கா திரும்ப வாங்கோ. மறுபடியும் தடக்கினால் அந்த வாக்கியத்தை அன்றைக்கு விட்டுவிட்டு வேறொன்று எடுங்கோ. நின்று மல்லுக்கட்டினால் தப்பான உச்சரிப்புத்தான் ஊறும். அடுத்த கட்டத்தில் நீங்கள் சொல்லி முடித்து ஒரு ஆறு செக்கன் பொறுத்த பிறகுதான் அவரைச் சொல்ல விடவேணும்; உடனடி எதிரொலியாக இல்லாமல் அவரே எடுத்துச் சொல்லப் பழக அந்த இடைவெளி தேவை. இறுதிக் கட்டத்தில் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வழமையான பேச்சுக்குக் கொண்டுவருவோம்.

சுருதி எங்கே ஏற்றுகிறது? ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசையில் ஏற்றச் சொல்லுவினம். தமிழில் சொல்லழுத்தம் அப்படித் துலக்கமாக இல்லை. அந்த வாக்கியத்தை உங்கட வீட்டில் இயல்பாகச் சொல்லேக்க குரல் எங்கே எழும்புதோ, அங்கே ஏற்றுங்கோ.

ஆருக்குப் பொருந்தும்: இடது பக்கம் மட்டும் சேதம், கதை குறைவு, புரிதல் நல்லது, திருப்பிச் சொல்லல் மோசம், கொஞ்சநேரம் ஒரு இடத்தில் இருந்து கவனிக்கக்கூடியவர். சரளமாக அர்த்தமில்லாமல் கதைக்கிற வெர்னிக்கே வகைக்கு இது வேண்டாம்.

---

நரம்பியல்_திருச்சி

வாணி அவர்கள் விளக்கம் அருமை. ஒரு வரம்பையும் சொல்லிவிடுவோம். நெதர்லாந்தில் வான் டெர் மேலன் குழு செய்த ஆய்வுகளில், பழக்கிய வாக்கியங்களில் முன்னேற்றம் நன்றாகத் தெரிந்தது. பழக்காதவற்றுக்குப் பரவியது குறைவு. ஸ்ட்ரோக் வந்து நாளாகிவிட்டவர்களிடம் பலன் இன்னும் மட்டாக இருந்தது. ஆகவே எந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "கிளி பறக்குது" என்று பழக்கி என்ன பயன்? "பாத்ரூம் போகணும்", "வலிக்குது", "ஃபேன் போடு", பேரன் பெயர், கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது என்று எடுங்கள்.

மருந்து பற்றியும் கேட்பார்கள். ப்ரோமோகிரிப்டின் இந்த வகை அஃபேசியாவுக்குக் கொடுத்து நடத்திய கட்டுப்பாட்டு ஆய்வுகள் பலன் காட்டவில்லை. பைராசெட்டம் பல ஆண்டுகளாக எழுதப்படுகிறது. ஆதாரம் பலமாக இல்லை. "மூளை டானிக்" வாங்கும் பணத்தைத் தெரபி மணிநேரங்களுக்குச் செலவிடுங்கள்.

---

கோவை_ரீஹாப்

மணிநேரம் என்று வந்ததால் என் மாற்றுக் கருத்து. நம்ம ஊரில் வாரத்துக்கு ஒரு நாள், அரைமணி நேரம் ஸ்பீச் தெரபி என்பதுதான் நடைமுறை. அது போதாது என்பது 2003லேயே தெரியும். போகல் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள்: பலன் காட்டியவற்றில் சராசரியாக வாரம் 8.8 மணி நேரம், 11 வாரம். பலன் காட்டாதவற்றில் வாரம் 2 மணி நேரம், 23 வாரம் வரை இழுத்திருந்தார்கள். மொத்த மணிநேரத்தில் பெரிய பள்ளம், அதைவிட அடர்த்தியில், அதாவது வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதில். ஆகவே முதல் வாரத்திலிருந்தே தினம் இரண்டு மூன்று மணி நேரம் கொடுத்தால் என்ன?

---

கயல்_எஸ்எல்பி

கோவை சார், அடர்த்தி வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். முதல் வாரத்திலிருந்தே என்பதில் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த வெர்ஸ் ஆய்வு இதைத்தான் சோதித்தது, முடிவு 2021இல் வந்தது. ஸ்ட்ரோக் வந்த முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிக் கூடுதல் தெரபி கொடுத்தவர்களுக்கும் வழக்கமான அளவு கொடுத்தவர்களுக்கும் 12 வாரத்தில் வித்தியாசம் இல்லை. 246 பேர், சின்ன ஆய்வு ஆகாது. முதல் வாரங்களில் அவர்களுக்குக் களைப்பு அதிகம், மூளை வீக்கம் வடிந்துகொண்டிருக்கும், தானாகத் தேறுவதும் அப்போதுதான் வேகமாக நடக்கும்.

மறுபக்கம், ஜெர்மனியில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில் ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆனவர்களை எடுத்தார்கள். வாரம் பத்து மணி நேரமாவது, மூன்று வாரம். அன்றாடப் பேச்சில் முன்னேற்றம் வந்தது. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களிடம் வரவில்லை. "ஆறு மாசத்துக்குள்ள வந்தாதான் உண்டு, அப்புறம் வராது" என்று சொல்லி அனுப்பும் பழக்கம் இத்தோடு ஒழிய வேண்டும். ஒரு வருஷம் கழித்து, ஐந்து வருஷம் கழித்து வருகிறவரையும் எடுத்துக்கொண்டு உழைக்க ஆதாரம் இருக்கிறது.

ஆக நடைமுறையில்: முதல் சில வாரம் 15–20 நிமிட அமர்வுகள், களைப்பு தெரிந்தால் நிறுத்தம், வீட்டாருக்குப் பேசும் முறையைக் கற்றுக்கொடுப்பது. உட்கார்ந்து கவனிக்கும் திறன் வந்ததும் அடர்த்தியை ஏற்றுங்கள். வாரம் பத்து மணி நேரத்துக்குத் தெரபிஸ்ட் கிடைக்கமாட்டார் என்பது தெரியும். இரண்டு மணி நேரம் தெரபிஸ்டோடு, மீதி வீட்டில், ஆனால் தெரபிஸ்ட் எழுதிக்கொடுத்த அதே பட்டியலோடு. கூகுளில் தேடி எடுத்த படங்களோடு வேண்டாம்.

---

கோவை_ரீஹாப்

வெர்ஸ் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த ஆய்வில் "வழக்கமான அளவு" என்பதே நம் ஊர் அளவைவிடக் கூடுதல் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இங்கே பலருக்கு முதல் மாதத்தில் தெரபி பூஜ்யம். அந்த ஆய்வைக் காட்டிப் பூஜ்யத்தை நியாயப்படுத்திவிடக் கூடாது.

---

கயல்_எஸ்எல்பி

முழுக்க ஒப்புக்கொள்கிறேன் சார்.

---

மொழியியல்_சேரன்

கயல் அவர்கள் முதல் பதிவில் வினைச்சொல் என்று சொன்னதை விரிக்கலாமா? தமிழில் இதற்குத் தனி முகம் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இலக்கணம் உதிர்ந்தால் விகுதி விழுந்து மொட்டைச் சொல் மிஞ்சும். தமிழ் வினையில் விகுதியைக் கழற்றினால் "வா", "போ", "குடி" என்று ஏவலாகிவிடும். அதனால் தமிழ் பேசுகிறவர்களிடம் விகுதி விடுபடுவதோடு தவறான விகுதி ஒட்டுவதையும் கவனிக்க வேண்டும்: "அம்மா வந்தான்", "நான் போகுது". பல நேரம் வினை முழுசாகவே வராமல் "அண்ணன்... கடை... அரிசி" என்று பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கும், கடைக்கு, கடையில், கடையிலிருந்து என்ற வேற்றுமை உருபுகளும் உதிர்ந்திருக்கும். யார் என்ன செய்தார் என்பதைக் கேட்பவர்தான் கட்டிக்கொள்ள வேண்டும். ஏவலைக் கேட்டு "அதட்டுறார்" என்று வீட்டார் வருத்தப்படுவதும் உண்டு. அவர் அதட்டவில்லை, அவர் கைக்கு எட்டிய வடிவம் அதுதான்.

புரிதலிலும் ஒரு பொறி. "ராஜா குமாரைக் கூப்பிட்டான்" புரிந்துவிடும். "குமாரை ராஜா கூப்பிட்டான்" என்று மாற்றினால் "குமாரை" என்பதில் உள்ள ஐகாரத்தைத் தவறவிட்டு, முதலில் வந்தவர்தான் கூப்பிட்டவர் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். "சோற்றைப் பையன் சாப்பிட்டான்" என்பதில் குழப்பம் வராது, சோறு பையனைச் சாப்பிடாதே. இருவரும் செய்யக்கூடிய செயல் என்றால், செய்தவரை முதலில் வைத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக: எழுத்துத் தமிழில் பயிற்சி அட்டை தயாரிக்காதீர்கள். "நான் நீர் அருந்த விரும்புகிறேன்" என்று யார் வீட்டில் பேசுகிறார்கள்? அசைகள் கூடுகின்றன, அப்ராக்ஸியா உள்ளவருக்கு நீளமே எதிரி. "தண்ணி வேணும்" என்றே எழுதுங்கள்.

---

கயல்_எஸ்எல்பி

சேரன் சார் சொன்னதற்குப் பொருத்தமான முறை வினை வலைப்பின்னல் பயிற்சி. லிசா எட்மண்ட்ஸ் குழு 2009இல் வெளியிட்டது. வினையை நடுவில் வைத்து அதைச் சுற்றி யார், எதை என்று இழுப்பது. தமிழுக்கு மாற்றி ஒரு வினையோடு காட்டுகிறேன்.

வினை "வாங்கு". அட்டையில் எழுதி வையுங்கள். "யார் வாங்குவாங்க?" என்று கேளுங்கள். அவராக ஒருவரைச் சொன்னால் நல்லது. வராவிட்டால் நாலு பெயர் எழுதிக் காட்டி அதில் ஒன்றைத் தொடச் சொல்லுங்கள். "எதை வாங்குவாங்க?" அதேபோல். "மருமக – பூ – வாங்குனா", "டீக்கடைக்காரர் – பால் – வாங்குனார்", "மாமா – லாட்டரி..." இல்லை, தமிழ்நாட்டில் அது கிடையாது, "மாமா – உரம் – வாங்குனார்". இப்படி மூன்று நாலு ஜோடி. ஒவ்வொன்றையும் அவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிறகு ஒன்றை மட்டும் எடுத்து எங்கே, எப்போது, ஏன் என்று கேளுங்கள்: "எங்கே உரம் வாங்குனார்?" "சொசைட்டியில." அடுத்து நீங்கள் பன்னிரண்டு வாக்கியம் சொல்ல, சரியா தப்பா என்று அவர் காட்ட வேண்டும். "உரம் மாமாவை வாங்குனது" – தப்பு. "மருமக பூ வாங்குனா" – சரி. கடைசியில் அட்டைகளை எடுத்துவிட்டு, முதலில் செய்த ஜோடிகளை மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள். ஒரு வினைக்கு இதுவே முக்கால் மணி நேரம் ஆகலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். நம் வாக்கியத்தில் வினை கடைசியில், அதாவது அட்டை வரிசையின் வலது ஓரத்தில் வரும். இடது மூளை ஸ்ட்ரோக்கில் பலருக்கு வலது பக்கப் பார்வைப்புலம் போயிருக்கும். வினை அட்டையைச் சரியாக அந்தக் குருட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு "வினை சொல்ல மாட்டேங்கிறார்" என்று எழுதிவைப்பது நடக்கிறது. அட்டைகளை மேலிருந்து கீழாக, அவருடைய இடது பக்கம் தள்ளி அடுக்குங்கள். கண்ணாடி போடுகிறவரா, காது மெஷின் வைக்கிறவரா என்பதையும் அமர்வுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

---

வடமராட்சி_வாணி

கயல் அக்கா, பார்வைப்புலம் பற்றிச் சொன்னது பொன்னான குறிப்பு. படம் காட்டிப் பேர் கேட்பதில் ஒன்று: எங்கட பக்கத்தில் கதிரை, சவர்க்காரம், துவாய் என்றுதான் சொல்லுவினம். சென்னையில் செய்த படத்தொகுதியின் விடைத்தாளில் நாற்காலி, சோப்பு, துண்டு. அதை வைத்துக்கொண்டு பிழை போட்டால் இல்லாத அஃபேசியாவையும் கூட்டிக் காட்டும். சோதனைக்கு முன்னர் அந்த வீட்டில் என்ன சொல்லுகினம் என்று குடும்பத்தாரிடம் ஒரு பட்டியல் எடுக்கவேணும்.

இரண்டு மொழி கதைத்தவர்களுக்கு எந்த மொழி முதலில் திரும்பும் என்று கேட்பினம். பிரெஞ்சு அறிஞர்களில் ரிபோ பழகிய முதல் மொழி என்றார், பித்ர் அதிகம் புழங்கிய மொழி என்றார். 19ஆம் நூற்றாண்டு விவாதம். பெரும்பாலானோருக்கு இரண்டுமே ஏறத்தாழச் சமமாகத் திரும்பும். வீட்டில் தமிழ் கதைக்கிற மனுசருக்குத் தெரபிஸ்டின் வசதிக்காக ஆங்கிலத்தில் பயிற்சி குடுக்கிறது மட்டும் கூடாது.

---

பாபநாசம்_ரவி

மிக்க நன்றி. ஆமா, இல்லை என்பதே குழம்புகிறது என்றால்? காபி வேணுமா என்றால் ஆமா என்கிறார், கொடுத்தால் தள்ளிவிடுகிறார்.

---

வார்டு_சிஸ்டர்_சேலம்

இது அடிக்கடி வர்றதுதான் ரவி சார். முதல்ல அந்த ஆமா-இல்லையை நம்பலாமான்னு பாருங்க. விடை உங்களுக்குத் தெரிஞ்ச பத்து கேள்வி, அஞ்சுக்கு ஆமா, அஞ்சுக்கு இல்லை, கலந்து கேளுங்க: "இது ஆஸ்பத்திரியா?", "உங்களுக்கு ரெண்டு பொண்ணா?" குருட்டாம்போக்குல சொன்னாலே அஞ்சு சரியா வந்துடும். அதனால எட்டு ஒன்பதுக்குக் கீழே வந்தா அவர் சொல்ற ஆமாவை வெச்சு மருந்து, சாப்பாடு, கையெழுத்து எதுவும் முடிவு பண்ணாதீங்க.

நம்ம ஆளுங்க தலையை லேசா ஆட்டுறது வேற ஆமாவா இல்லையான்னு பக்கத்துல இருக்கிறவங்களுக்கே தெரியாது. கட்டைவிரல் மேல, கீழன்னு பழக்குங்க, இடது கையில.

கேள்வியையும் மாத்துங்க. "காபி வேணுமா?"ன்னு கேட்காம ஒரு தாள்ல பெருசா "காபி", "டீ", "ஒண்ணும் வேணாம்"னு ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா எழுதி, ஒவ்வொண்ணையும் தொட்டு வாசிச்சு, அவரைத் தொடச் சொல்லுங்க. வாசிக்க முடியாட்டி காபி டம்ளரையும் டீ கிளாஸையுமே முன்னாடி வைங்க. "வேறே ஏதோ" என்பதுக்கும் ஒரு இடம் எப்பவும் இருக்கணும், இல்லேன்னா நீங்க யோசிச்சதுக்குள்ளேயே அவர் மாட்டிக்குவார். கேட்டுட்டுப் பத்து விநாடி வாயைத் திறக்காம காத்திருங்க. அந்தப் பத்து விநாடிதான் வீட்டாருக்கு ரொம்பக் கஷ்டம்.

---

கோவை_ரீஹாப்

சட்டப்பக்கம் இரண்டு வரி, பலருக்குத் தெரியவில்லை. இந்தியாவில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் "பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு" என்ற தலைப்பில் அஃபேசியா பெயர் சொல்லியே இருக்கிறது. கை கால் பாதிப்புக்கு மட்டும் சான்று வாங்கிவிட்டு வந்துவிடாதீர்கள், பேச்சுக்கும் மதிப்பிடச் சொல்லுங்கள். தெரபிஸ்டிடம் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேட்பதில் தவறே இல்லை. வலது கை விழுந்து கையெழுத்து மாறிவிட்டதால் பென்ஷன் எடுக்க முடியவில்லை என்றால், விரல் ரேகையோ கால் விரல் ரேகையோ வைத்து, இரண்டு சாட்சிகளோடு எடுக்க ரிசர்வ் வங்கி விதி வழி செய்கிறது. சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரி.

---

மொழியியல்_சேரன்

வினைப் பட்டியல் எங்கிருந்து தொடங்கலாம் என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டிருக்கிறார்கள், இங்கேயே போடுகிறேன். வா, போ, குடு, எடு, வை, குடி, சாப்பிடு, தூங்கு, வாங்கு, கூப்பிடு, போடு, நிறுத்து. இவற்றில் "போடு" ஒன்று வந்தாலே ஃபேன் போடு, லைட் போடு, சட்டை போடு, போன் போடு என்று பெயரை மட்டும் மாற்றி நாள் முழுக்கப் புழங்கலாம். அதை முதல் வாரத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

---

கயல்_எஸ்எல்பி

சேரன் சார் பட்டியலோடு "வேணும், வேணாம், வலிக்குது, இரு" நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "இரு" ரொம்ப அவசியம். பேச நேரம் கேட்க அவருக்கு அந்த ஒரு சொல் கையில் இருந்தால், மற்றவர்கள் குறுக்கே விழுந்து முடித்துவைப்பது நின்றுவிடும். அப்ராக்ஸியா கலந்திருந்தால் "வேணும்", "வேணாம்", "வா", "போ" ஆகிய நான்கையும் முதலில் எடுங்கள்; உதட்டசைவு கண்ணுக்குத் தெரியும், உங்கள் முகத்தைப் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம். "எடு", "தூங்கு", "நிறுத்து" எல்லாம் அதற்கப்புறம்.